மின்தடைக்குப் பின் ‘கிரப்>’ வரியோடு நின்றுவிட்ட கணினி: கோப்புகளை இழக்காமல் மீட்க முடியுமா?

வினா: வாசிகசாலை மேசை

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் ஒரு மேசைக்கணினி இருக்கிறது. அதற்கு நானே பொறுப்பு. அதிலுள்ள ஒரே எஸ்.எஸ்.டி. வட்டில் விண்டோஸும் உபுண்டு 22.04 பதிப்பும் பக்கம் பக்கமாக நிறுவப்பட்டுள்ளன. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய அறிவித்தல்களைத் திருத்த வேண்டி வந்தால் மட்டும் விண்டோஸைத் திறப்போம். மற்றைய வேலைகள் எல்லாம் உபுண்டுவிலேயே நடக்கும்.

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் இற்றைப்படுத்தல் கட்டளையைக் கொடுத்துவிட்டு, இயங்குதளத்தின் மையக்கருவான கேர்னலின் புதிய பதிப்பும், கணினியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான கிரப்பின் பொதியும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவப்படுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்கு முந்திய இடி ஒன்று விழுந்ததும் மின்சாரம் நின்றது. யூ.பி.எஸ். ஒன்று இருந்தும் அதன் பற்றரி பழுதாகி இருந்ததை அப்போதுதான் அறிந்தேன். கணினியும் அதே கணத்தில் அணைந்துவிட்டது. மின்சாரம் திரும்பிய பின் சுவிச்சைப் போட்டால், கறுப்புத் திரையின் மேற்புறத்தில் ‘ஜிஎன்யு கிரப் 2.06’ என்ற வரியும், அதன் கீழே கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யலாம் என்ற பொருள்பட இரண்டு மூன்று ஆங்கில வரிகளும், கடைசியில் ‘கிரப்>’ என்ற சொல்லும் அதனருகே மினுங்கும் ஒரு கோடும் மட்டுமே தெரிகின்றன. உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் வழமையான பட்டியல் வரவேயில்லை.

பட்டணத்தில் உள்ள ஒரு கடையில் காட்டினேன். வட்டை முழுமையாக ஃபோமற் செய்து புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

உடன்படாததற்குக் காரணம் அதிலுள்ள கல்வெட்டுகள். முப்பத்தோராம் நாளில் குடும்பத்தவர்கள் வெளியிடும் அந்த நினைவு மலர்களை எங்கள் ஊரிலும் அயலூர்களிலும் வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஸ்கான் செய்து, மூலப்பிரதியை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அறுநூறுக்கு மேற்பட்டவை சேர்ந்துள்ளன. ஒரு பகுதியை வேறு வட்டொன்றில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் கடைசியாகப் பிரதி எடுத்துப் பத்து மாதங்கள் ஆகின்றன. அந்தப் பத்து மாதங்களில் ஸ்கான் செய்தவற்றுள் சிலவற்றின் மூலப்பிரதிகள் உரியவர்களோடு வெளிநாட்டுக்கே போய்விட்டன.

கோப்புகள் வட்டில் இன்னும் இருக்கின்றனவா? அவற்றை முதலில் வெளியே எடுக்க முடியுமா? அதன் பிறகு, ஃபோமற் செய்யாமல் கணினியைப் பழையபடி தொடங்கவைக்க என்ன செய்ய வேண்டும்? எனக்கு முனையத்தில் கட்டளை கொடுத்துப் பழக்கம் உண்டு. ஆனால் பூட்லோடரின் உள்விபரம் தெரியாது.


பதில்: கோண்டாவில் பழைய வாத்தியார்

வணக்கம் பிள்ளை. கணினியைக் கடையில் விடாமல் நீங்கள் திருப்பிக் கொண்டுவந்தது சரியான முடிவு. கோப்புகள் இருக்கின்றன என்றே நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் அடுத்து எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது உங்களுக்கே தெளிவாகும்.

சுவிச்சைப் போட்டதிலிருந்து உபுண்டு திறக்கும்வரை பொறுப்பு பல கைகள் மாறுகிறது. முதலில் மதர்போட்டிலேயே பதிந்துள்ள யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் தொடக்க நிரல் எழுகிறது. அது வட்டின் தொடக்கத்தில் உள்ள, ஃபற்32 வடிவில் அமைந்த ஒரு சிறிய வட்டுப்பகுதியைத் தேடி, உபுண்டு என்ற கோப்புறையில் உள்ள ‘ஷிம்’ என்னும் சிறு நிரலை ஓடவிடுகிறது. ஷிம் கிரப்பை எழுப்புகிறது. கிரப் அங்கேயே உள்ள சில வரிக் குறிப்பொன்றைப் படித்து, ‘உண்மையான பட்டியல் உபுண்டுவின் வட்டுப்பகுதியில், பூட் கோப்புறைக்குள், கிரப் கோப்புறையில் இருக்கிறது’ என்று அறிந்து அங்கே போகிறது. அந்தப் பட்டியலின் பெயர் ‘கிரப்.சிஎஃப்ஜி’. அதில் எழுதியுள்ளபடி கேர்னலையும் அதற்குத் துணையான ‘இனிட்ஆர்டி’ கோப்பையும் நினைவகத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டு கிரப் விலகிக்கொள்கிறது.

இவற்றில் எந்த இடத்தில் அறுந்தாலும் திரை அதற்கேற்றபடி வேறொன்றைக் காட்டும். தொடங்கத்தக்க வட்டு எதுவும் இல்லை என்று திரை சொன்னால் யூ.ஈ.எஃப்.ஐ. படியிலேயே அறுந்துவிட்டது. ‘கிரப் றெஸ்கியூ>’ என்று வந்தால் கிரப் எழுந்தும் தன் துணைக் கோப்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது. யூ.ஈ.எஃப்.ஐ.க்கு முந்திய பழைய பயோஸ் முறையில் நிறுவிய கணினிகளிலேயே இதை அதிகம் காணலாம். உங்களுக்கு வந்திருப்பதோ வெறும் ‘கிரப்>’. கிரப் முழுமையாக எழுந்துவிட்டது, துணைக் கோப்புகளும் ஏறிவிட்டன, பட்டியல் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை அல்லது வெறுமையாக இருக்கிறது என்பதே அதன் பொருள். எழுதப்படும் கோப்பு சில விநாடிகள் நினைவகத்திலேயே தங்கி, அதன் பிறகுதான் வட்டில் இறங்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் மின்சாரம் போனால் பெயர் மட்டும் வட்டில் இருக்க, உள்ளடக்கம் இல்லாமல் போகலாம். அந்த வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகளுக்கே அந்தக் கதி. மாதக்கணக்காக அசையாமல் கிடக்கும் உங்கள் கல்வெட்டுகளை அது தொடுவதற்குக் காரணமில்லை.

இருந்தாலும், பிரதி எடுக்கும்வரை திருத்த வேலை எதையும் தொடங்க வேண்டாம். வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு 22.04 நிறுவல் படிமத்தை எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நிறுவவா, நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்கவா என்று கேட்கும் இடத்தில் இரண்டாவதையே தெரிவுசெய்ய வேண்டும். நிறுவும் பொத்தானில் விரல் படவே கூடாது. கோப்பு மேலாளரில் உங்கள் உபுண்டு வட்டுப்பகுதியைத் திறந்து, ஹோம் கோப்புறைக்குள் போனால் கல்வெட்டுகளைக் காண்பீர்கள். வெளி வட்டொன்றைப் பொருத்தி எல்லாவற்றையும் அதற்குப் பிரதி எடுங்கள். எடுத்து முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு கோப்புகளையாவது வெளி வட்டிலிருந்தே திறந்து கடைசிப் பக்கம்வரை பாருங்கள்.

பிரதி எடுத்தபின் பென்டிரைவையும் வெளி வட்டையும் கழற்றிவிட்டு, அதே ‘கிரப்>’ வரிக்கு வாருங்கள். அங்கிருந்து கையாலேயே உபுண்டுவைத் தொடங்கலாம். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துகள். முதலில்,

எல்எஸ்

என்று தட்டினால் வட்டுப்பகுதிகளின் பெயர்கள் அடைப்புக்குறிகளுக்குள் வரும். (எச்டி0,ஜிபிரி5) என்பது முதல் வட்டின் ஐந்தாம் பகுதி; கிரப் வட்டுகளைச் சுழியத்திலிருந்தும் பகுதிகளை ஒன்றிலிருந்தும் எண்ணும். ஒவ்வொரு பகுதியாக,

எல்எஸ் (எச்டி0,ஜிபிரி5)/பூட்

என்று கேட்டுப் பாருங்கள். எதில் விஎம்லினஸ் என்று தொடங்கும் பெயர்கள் வருகின்றனவோ அதுவே உபுண்டுவின் பகுதி. அது ஐந்தாவது என்று வைத்துக்கொண்டால்:

செற் ரூட்=(எச்டி0,ஜிபிரி5)
லினக்ஸ் /பூட்/விஎம்லினஸ் ரூட்=/டெவ்/எஸ்டிஏ5 ஆர்ஓ
இனிட்ஆர்டி /பூட்/இனிட்ஆர்டி.ஐஎம்ஜி
பூட்

என்.வி.எம்.ஈ. வகை வட்டாக இருந்தால் எஸ்டிஏ5 என்பதற்குப் பதிலாக என்விஎம்ஈ0என்1பி5 என்று வரும். விஎம்லினஸ் என்பது இசட்டில் முடியும், எக்ஸில் அல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது.


வாசிகசாலை மேசை

மிக்க நன்றி ஐயா. நீங்கள் எழுதியதை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

கோப்புகள் எல்லாமே இருக்கின்றன. வாசிகசாலையில் தனியே இருந்த நான் அந்தக் கோப்புறையைக் கண்டதும் சத்தமாகவே ‘அப்பாடா’ என்றேன். மொத்தம் 71 ஜிபி. வெளி வட்டுக்கு மாற்ற ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் பிடித்தது. இடையில் பதினான்கு கோப்புகளில் மட்டும், இந்தப் பெயரில் எழுத முடியாது என்று நின்றுவிட்டது. காலஞ்சென்றவரின் பெயருக்கும் ஊருக்கும் இடையில் நான் முக்காற்புள்ளி இட்டுப் பெயரிட்டிருந்த கோப்புகளே அவை பதினான்கும். லினக்ஸ் வட்டுப்பகுதியில் அது செல்லுபடியாகும். எக்ஸ்ஃபற் வடிவில் உள்ள என் வெளி வட்டில் செல்லாது என்பதை இப்போது அறிந்தேன். அவற்றை ஒரே பொதிக் கோப்பாகக் கட்டி மாற்றிவிட்டேன்.

பிறகு ‘கிரப்>’ வரிக்கு வந்தேன். உபுண்டு ஐந்தாம் பகுதியிலேயே இருந்தது. முதல் இரண்டு வரிகளையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் இனிட்ஆர்டி வரியைக் கொடுத்ததும் அப்படியொரு கோப்பு இல்லை என்றது. எழுத்துப்பிழையோ என்று மூன்று முறை பார்த்தேன், பிழையில்லை. அதைத் தாண்டி ‘பூட்’ என்று கொடுத்தபோது திரை முழுவதும் வரிகள் ஓடி, ‘கேர்னல் பானிக்’ என்றும், ‘அன்னோன் பிளொக் (0,0)’ இல் மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்றும் சொல்லி உறைந்துவிட்டது. விசைப்பலகையும் இயங்கவில்லை, சுவிச்சை அழுத்திப் பிடித்து அணைத்தேன். நிலைமையை மேலும் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.


பதில்: தீவகத்தான்

வணக்கம் அக்கா. எதுவும் கெடவில்லை, பயப்பட வேண்டாம். கேர்னல் பானிக் வந்த நேரத்தில் உங்கள் வட்டுப்பகுதி ஏற்றப்படவே இல்லை. ஏற்றப்படாத ஒன்றில் எழுதியிருக்கவும் முடியாது.

வாத்தியார் ஐயா சொன்ன வழி சரி. ஒரேயொரு இடத்தில் மட்டும் உங்கள் நிலைமைக்கு ஏற்ற திருத்தம் தேவை. விஎம்லினஸ் என்ற பெயர் எப்போதும் கடைசியாக நிறுவப்பட்ட கேர்னலைச் சுட்டும் ஓர் இணைப்பு. உங்கள் விடயத்தில் அது மின்தடைக்குச் சற்று முன் வந்து சேர்ந்த புதிய கேர்னல். அதற்குரிய இனிட்ஆர்டியைக் கணினி அந்த இடத்திலேயே கட்டி எடுக்க வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. ஆகவே இணைப்பு இருக்கிறது, அது சுட்டும் கோப்பு இல்லை. வட்டைப் படிக்கத் தேவையான இயக்கிகளில் பல இனிட்ஆர்டிக்குள்ளேயே இருக்கின்றன. அது இல்லாமல் எழுந்த கேர்னல் தன் கண்முன்னே ஒரு வட்டும் இல்லை என்று காண்கிறது. (0,0) என்ற எண்கள் சொல்வது அதைத்தான். அடுத்த தடவை இப்படி ஒரு வரியில் பிழை வந்தால் அந்த இடத்திலேயே நின்று இங்கே எழுதுங்கள். ‘பூட்’ வரை போக வேண்டியதில்லை.

உபுண்டு முந்திய கேர்னலுக்கும் இப்படி ஓர் இணைப்பை வைத்திருக்கும். பெயரின் இறுதியில் ‘.ஓல்ட்’ என்று இருக்கும். இரண்டாம், மூன்றாம் வரிகளை மட்டும் மாற்றுங்கள்:

செற் ரூட்=(எச்டி0,ஜிபிரி5)
லினக்ஸ் /பூட்/விஎம்லினஸ்.ஓல்ட் ரூட்=/டெவ்/எஸ்டிஏ5 ஆர்ஓ
இனிட்ஆர்டி /பூட்/இனிட்ஆர்டி.ஐஎம்ஜி.ஓல்ட்
பூட்

இரண்டிலும் ‘.ஓல்ட்’ இருக்க வேண்டும். பழைய கேர்னலுக்குப் புதிய இனிட்ஆர்டியைக் கொடுத்தால் அதனுள் இருக்கும் இயக்கிகள் பொருந்தா.

ஆனால் அதற்கு முன்னர் ஒரு வேலை. பென்டிரைவிலிருந்து மறுபடி தொடங்கி, உபுண்டுவின் வட்டுப்பகுதியைத் திறக்காமல், அதாவது கோப்பு மேலாளரில் அதன் மேல் சொடுக்காமல், முனையத்தில்

சூடோ ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் /டெவ்/எஸ்டிஏ5

என்று கொடுங்கள். திடீரென மின்சாரம் போன வட்டுப்பகுதியின் கணக்கேட்டை இது சரிபார்க்கும். ஏற்றப்பட்டிருக்கும் பகுதியில் இதை ஓடவிடுவது ஆபத்து. கட்டளையே எச்சரிக்கும், அந்த எச்சரிக்கைக்கு ‘ஆம்’ சொல்ல வேண்டாம். பிரதி ஏற்கனவே கையில் இருப்பதால்தான் இதை இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

உபுண்டு திறந்ததும் அறுந்துபோன இற்றைப்படுத்தலை முடித்து வைக்க வேண்டும்:

சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ

பாதியில் நின்ற பொதிகளை எல்லாம் இந்த ஒரு வரி ஒழுங்காக்கும். இனிட்ஆர்டியையும் புதிதாகக் கட்டும். முடிந்ததும் ‘எல்எஸ் -எல்எச் /பூட்’ என்று பார்த்தால் ஒவ்வொரு இனிட்ஆர்டியும் பத்துக்கணக்கான எம்பி அளவில் இருக்க வேண்டும். புதியது இன்னும் இல்லையென்றாலோ சுழியமாக இருந்தாலோ, ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்று எழுதி அதன்பின் அந்தக் கேர்னலின் முழுப் பதிப்பெண்ணையும் கொடுத்து நீங்களே கட்டலாம். கடைசியாக,

சூடோ அப்டேட்-கிரப்

இதுதான் காணாமற்போன பட்டியலை மறுபடி எழுதும். எழுதி முடிந்ததும் ‘சிங்க்’ என்று ஒரு கட்டளை கொடுங்கள். நினைவகத்தில் காத்திருப்பவற்றை உடனே வட்டில் இறக்கிவிடும். அதன் பிறகே மீளத்தொடங்குங்கள்.


இடையில் ஒரு வினா: பருத்தித்துறைக் காற்று

மன்னிக்கவும், இதற்கு அண்மித்த ஒரு கேள்வி இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். என் கணினியிலும் இதேபோல் இரண்டு இயங்குதளங்கள் உள்ளன. கிரப் வரியோ பிழைச் செய்தியோ எதுவும் வருவதில்லை. சுவிச்சைப் போட்டால் நேரடியாக விண்டோஸ் திறக்கிறது. உபுண்டு அழிந்துவிட்டதா? எனக்கும் அப்டேட்-கிரப் போதுமா?


பதில்: கோண்டாவில் பழைய வாத்தியார்

தம்பி, உங்களுக்கு அறுந்திருப்பது வேறு இடம்; அந்தச் சகோதரிக்குச் சொன்ன மருந்து உங்களுக்குப் பொருந்தாது. யூ.ஈ.எஃப்.ஐ. தன் நினைவில் வைத்திருக்கும் தொடக்க வரிசையில் விண்டோஸ் முதலாவதாக வந்துவிட்டது, அல்லது உபுண்டுவின் பதிவு அங்கிருந்து நீங்கிவிட்டது. உபுண்டுவின் கோப்புகள் அப்படியே இருக்கும்.

மதர்போட்டின் அமைப்புத் திரைக்குப் போய்த் தொடக்க வரிசையைப் பாருங்கள். அங்கே உபுண்டு என்ற பெயர் இருந்தால் அதை மேலே ஏற்றிச் சேமியுங்கள், வேலை அவ்வளவுதான். கணினியின் திகதியும் பிழையாகக் காட்டுகிறதென்றால் மதர்போட்டில் உள்ள நாணயம் போன்ற பற்றரியை மாற்றுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள், 3 வோல்ற். அது செத்துப்போனால் சில மதர்போட்டுகள் தொடக்க வரிசையையும் மறந்துவிடுகின்றன. என் வீட்டுக் கணினியில் இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை கிரப்பை மீள நிறுவிய பிறகுதான், திகதி ஒவ்வொரு காலையும் பின்னால் போயிருப்பதைக் கவனித்துப் பற்றரியை மாற்றினேன். அதன்பின் அந்தத் தொல்லை வரவில்லை.

பெயரே இல்லையென்றால் கிரப்பை மீள நிறுவ வேண்டும். பென்டிரைவிலிருந்து தொடங்குங்கள், ஆனால் யூ.ஈ.எஃப்.ஐ. முறையிலேயே தொடங்க வேண்டும். தொடக்கப் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு பெயர்களில் தெரியலாம், யூ.ஈ.எஃப்.ஐ. என்ற முன்னொட்டு உள்ளதே நமக்குரியது. முனையத்தில் ‘எல்எஸ் /சிஸ்/ஃபேம்வெயர்/ஈஎஃப்ஐ’ என்று கேட்டு, அந்தக் கோப்புறை இருந்தால் சரியான முறையில்தான் வந்திருக்கிறீர்கள். இல்லையென்றால் வெளியேறி மறுபடி தொடங்குங்கள். பிழையான முறையில் நின்று எத்தனை தடவை நிறுவினாலும் அந்தப் பதிவு மதர்போட்டில் ஏறாது. இணையத்தில் ‘எல்லாம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று வரும் முறைப்பாடுகள் பலவற்றில் இதைத்தான் கண்டிருக்கிறேன்.

‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ கொடுத்தால் எது ஈஎக்ஸ்ரி4 வடிவில் உள்ள உபுண்டுவின் பகுதி, எது ஃபற்32 வடிவில் உள்ள தொடக்கப் பகுதி என்று தெரியும். முன்னையது எஸ்டிஏ5, பின்னையது எஸ்டிஏ1 என்று கொண்டால்:

சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ5 /எம்என்ரி
சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்ரி/பூட்/ஈஎஃப்ஐ
சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்ரி/டெவ்
சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /சிஸ் /எம்என்ரி/சிஸ்

‘ப்ரொக்’, ‘ரன்’ ஆகிய இரண்டுக்கும் கடைசி வரியைப் போலவே ஒவ்வொன்று கொடுங்கள். பிறகு ‘சூடோ சிஎச்ரூட் /எம்என்ரி’ என்றால், பென்டிரைவில் ஓடிக்கொண்டே உங்கள் வட்டிலுள்ள உபுண்டுவுக்குள் காலடி வைத்துவிடுவீர்கள். அங்கே ‘கிரப்-இன்ஸ்டால்’, அடுத்து ‘அப்டேட்-கிரப்’, பிறகு ‘எக்சிற்’. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீட்டைத் திருத்துவது போன்றது இது.

பழைய பயோஸ் முறைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே கிரப்-இன்ஸ்டாலுக்கு வட்டின் பெயரையும் கொடுக்க வேண்டும்: எஸ்டிஏ என்ற முழு வட்டை, எஸ்டிஏ5 என்ற பகுதியை அல்ல. அந்த முறையில் வட்டின் முதல் 512 பைற்றுகளில், 446 பைற்றுகளுக்குள் தொடக்க நிரல் அடங்கும். அதையடுத்த 64 பைற்றுகள் வட்டுப்பகுதி அட்டவணை. ஆகவே இணையத்தில் எங்காவது, முதல் 512 பைற்றுகளையும் அழித்துவிடு என்று, வட்டில் நேரடியாக எழுதும் ஒரு டிடி கட்டளையைக் கண்டால் அதைத் தொடாதீர்கள். கிரப்போடு சேர்த்து, எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற கணக்கும் போய்விடும்.


பதில்: தீவகத்தான்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதே வேலையைப் பொத்தான் ஒன்றை அழுத்திச் செய்யும் ‘பூட்-றிப்பேர்’ என்ற மென்பொருளும் உண்டு. அது நல்ல மென்பொருள்தான். ஆயினும் என்ன அறுந்தது என்று தெரிந்த ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பல மாற்றங்களை ஒரே மூச்சில் செய்துவிடுவதால், அதன் பிறகும் கணினி தொடங்காவிட்டால் எதிலிருந்து தேடத் தொடங்குவது என்பது குழப்பமாகிவிடும். ஆனால் அது எழுதித் தரும் அறிக்கை மிகப் பயனுள்ளது. அதை மட்டும் பெற்று இங்கே இட்டாலும் போதும்.

பருத்தித்துறை நண்பருக்கு: திரையில் ‘எஸ்பிஏரி’ என்ற சொல்லோடு பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஒரு செய்தி வந்து கணினி தானே அணைந்தால், அது முற்றிலும் வேறு விடயம். 2024 ஓகஸ்ற்றில் வந்த ஒரு பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பின் இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் அது நேர்ந்தது. பழைய ஷிம் நிரலை மதர்போட் ஏற்க மறுப்பதே அதற்குக் காரணம். நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்கியூர் பூட் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தி, உபுண்டுவுக்குள் போய் ஷிம் பொதியை இற்றைப்படுத்திவிட்டு, வசதியை மறுபடி இயக்க வேண்டும்.


வாசிகசாலை மேசை

ஐயாவுக்கும் தம்பிக்கும் என் மனமார்ந்த நன்றி. கணினி இன்று காலை பழையபடி தொடங்கியது.

ஈ2எஃப்எஸ்சிகே சில இடங்களில் கணக்கைத் திருத்திவிட்டு முடிந்தது. தொலைந்த கோப்பு எதையும் காணவில்லை. ‘.ஓல்ட்’ சேர்த்துக் கொடுத்த வரிகளில் எந்தப் பிழையும் வராமல், ‘பூட்’ கொடுத்ததும் ஊதா நிறத் திரை வந்தது. டிபிகேஜி கட்டளை ஓடி முடிய நான்கு நிமிடங்கள் எடுத்தது. மின்சாரம் மறுபடி போய்விடுமோ என்ற பயத்தில், பக்கத்து வீட்டு மின்பிறப்பாக்கியிலிருந்து வயர் இழுத்துத்தான் அதை ஓடவிட்டேன்.

அப்டேட்-கிரப் கொடுத்தபோது மட்டும், வேறு இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ ஓடாது என்று ஓர் எச்சரிக்கை வந்தது; மீளத்தொடங்கியதும் பட்டியலில் விண்டோஸ் இருக்கவில்லை. மறுபடி ஏதாவது அறுந்துவிட்டதா?


பதில்: தீவகத்தான்

இல்லை அக்கா, அது பழுதல்ல. கிரப் 2.06 பதிப்பிலிருந்து அந்தத் தேடல் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நீங்கள் முன்பு விண்டோஸைப் பட்டியலில் கண்டீர்கள் என்றால், யாரோ ஒருவர் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி வைத்திருந்து, இந்த இற்றைப்படுத்தலில் அந்தக் கோப்பு புதியதால் மாற்றப்பட்டிருக்கலாம். ‘/ஈரிசி/டிஃபோல்ற்/கிரப்’ என்ற கோப்பை சூடோவோடு திறந்து, கடைசியில்

கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபோல்ஸ்

என்று சேருங்கள். சமன் குறிக்கு இடப்புறம் முழுவதும் பேரெழுத்து, வலப்புறம் சிற்றெழுத்து, குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. பிறகு அப்டேட்-கிரப். விண்டோஸ் தானாக வந்து சேரும்.


வாசிகசாலை மேசை

வந்துவிட்டது தம்பி. இரண்டையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டேன்.

யூ.பி.எஸ். இற்கு 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று வாங்கிப் பொருத்தியாயிற்று. வாங்கிய திகதியை ஸ்ரிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருக்கிறேன். முக்காற்புள்ளி இட்ட கோப்புப் பெயர்களை எல்லாம் அடிக்கோடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் இணையத்தில் சேகரித்து வரும் நூலகம் தளத்துக்கு எங்கள் கல்வெட்டுகளையும் கொடுப்பது பற்றி நிலையத்தின் அடுத்த நிருவாகசபைக் கூட்டத்தில் பேசவிருக்கிறோம். குடும்பத்தவர்களிடம் அனுமதி கேட்கும் கடிதத்தை நேற்றிரவு இதே கணினியில் தட்டச்சுச் செய்தேன்.

ஐயா, நீங்கள் முதலில் எழுதிய அந்தப் பதிலின் அச்சுப்பிரதியை, தம்பியின் திருத்தத்தையும் பேனாவால் எழுதிச் சேர்த்து, மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இந்த மேசைக்கு வருபவருக்கு அது உதவும்.


பதில்: கோண்டாவில் பழைய வாத்தியார்

மிக்க மகிழ்ச்சி பிள்ளை. லாச்சியில் அந்தத் தாளோடு உபுண்டு எழுதிய பென்டிரைவையும் போட்டு வையுங்கள். வேறு வேலைக்கு எடுத்து அழித்துவிடாதபடி அதன் மேல் பெயரெழுதி வையுங்கள்.

இன்னொன்று. கேர்னல் பட்டியலில் பழையவற்றுள் ஒன்றாவது எப்போதும் இருக்கட்டும். உங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். இடம் போதவில்லை என்று, தேவையற்ற பொதிகளை நீக்கும் ‘ஓட்டோறிமூவ்’ கட்டளையைக் கொடுக்கும்போது உபுண்டு இயல்பாகவே முந்திய ஒன்றை விட்டுவைக்கும். கையால் அழிப்பவர்கள்தான் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.